மாடுகள் சம்மதித்த வாரம்

சுகாதார ஆய்வாளர் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுப்பது சென்னையில் என் வேலை. பாடத்தின் முதல் படம் ஒரு பனிக்கரடி. உருகும் பனிப்பாளத்தின் மேல் நின்றுகொண்டு நம்மையே பார்க்கும். போன பருவத்தில் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், எங்க பிளாக்ல கரடி இல்ல. நாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே சுருக்கென்று கோபமும் வந்தது. கேட்டதில் தப்பில்லை என்பதால் வந்த கோபம்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் மேலதிகாரியிடம் பத்து நாள் கேட்டு வாங்கிவிட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் தமிழ் பேசும் ஊர்களில், சுகாதாரப் பணியாளர்கள் வெயிலோடு எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று பார்த்துவர வேண்டும். பாலக்காட்டுக் கிழக்கில் சில நாள், இடுக்கி மலையில் நாலைந்து நாள். சித்திரை வெயிலில் பாலக்காடு போகிறாயே, உனக்குப் பைத்தியமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் கல்பாத்தியில் மீனாட்சி வீடு. விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவள், இப்போது வங்கி அதிகாரி. உள்ளே நுழைந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஜில்லென்று தண்ணீர் கேட்டேன். ஆவி பறக்க ஒரு டம்ளர் வந்தது. ரோஜா நிறத்தில் இருந்தது.

"ஏண்டி, மருந்தா?"

"பதிமுகப் பட்டை போட்டு கொதிக்க வெச்ச வெள்ளம். சூட்டுக்குச் சூடுதான். ஊதி ஊதிக் குடி, கேட்டியா?"

வெளியே அனல், உள்ளே வெந்நீர். பழிவாங்குகிறாளோ என்று நினைத்தேன். இரண்டாவது டம்ளரை நானே கேட்டு வாங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அதன்பின் மொளகூஷ்யம் என்கிற பருப்புக் கூட்டும் மாங்காய்ப் பச்சடியும் வந்தன. சென்னையில் வெயில் வந்தால் நான் குளிர்பதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடப்பேன். இங்கே வெயிலுக்கென்று தனியாக ஒரு சமையலே வைத்திருக்கிறார்கள்.

சாப்பிட்டபின் ஆற்றைப் பார்க்கலாம் என்று படித்துறைக்கு அழைத்துப்போனாள். கல்லாகக் கிடந்தது.

"ஆறு எங்கேடி?"

"அதோ, ரெண்டு கல்லுக்கு நடுவுலே இருக்கே. சத்தம் போட்டுக் கேக்காதே, அதுக்கு ஏற்கெனவே வெக்கம்."

மறுநாள் காலை கொல்லங்கோட்டுக்குப் பேருந்து. ஏறியதும் ஓர் அதிசயம் கண்டேன். பேருந்தின் ஒரு பக்கத்து இருக்கைகளில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டும் நின்றுகொண்டும் இருக்க, மறுபக்கம் காலி. நமக்கு யோகம்தான் என்று போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் இருக்கை தோசைக்கல்லாக இருப்பது தெரிந்தது. வெயில் பக்கம். வழியில் ஒரு வளைவில் பேருந்து திரும்பியது, வெயிலும் பக்கம் மாறியது. மொத்தக் கூட்டமும் பையும் பிள்ளையுமாக எழுந்து என் பக்கம் வந்து சேர்ந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நடத்துநர் மட்டும் மலையாளத்தில், "இன்னும் ஒரு வளைவு இருக்கு, யாரும் அசந்துறாதீங்க" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

கொல்லங்கோட்டில் என்னை அழைத்துப்போக ஸ்கூட்டருடன் நின்றிருந்தவர் சிவகாமி. அந்தப் பகுதியின் பொதுச் சுகாதார நர்ஸ். ஊருக்கு அவர் 'சிஸ்டர்', வீட்டுக்கு மருமகள். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு நொடி யோசித்து, பாடம் எடுக்கிறவர் என்பதால் 'டீச்சர்' என்று முடிவுகட்டினார். அதற்குப்பின் எல்லை தாண்டும்வரை எனக்கு வேறு பெயர் இல்லை.

"என்ற பிரச்சினை என்னன்னு சொல்லீர்றனுங்க டீச்சர்," என்று ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே ஆரம்பித்தார். "காத்தால வெள்ளனா காட்டுக்குப் போங்க, பதினொரு மணிக்கு ஊடு திரும்பீருங்கன்னு போர்டு எழுதி வெச்சனுங்க. நோட்டீசு குடுத்தனுங்க. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் குடுத்தனுங்க. எல்லாரும் நல்லாத் தலையாட்டுனாங்க. மறுநா பார்த்தா எட்டு மணிக்குத்தான் போறாங்க, ரெண்டு மணி வெயில்லதான் வாராங்க. ஏன்னு கேட்டா, பால் ஊத்தோணுமல்லங்கன்னாங்க."

அங்கே வீட்டுக்கு வீடு மாடு. பால் சொசைட்டி காலை ஆறரைக்குத்தான் கதவு திறக்கும். கறந்து, கொண்டுபோய் ஊற்றி, வீடு வந்து சோறாக்கி வைத்துவிட்டுக் காட்டுக்கு (அங்கே வயலுக்குக் காடு என்றுதான் பெயர்) கிளம்பினால் எட்டு. எட்டுக்கு ஆரம்பித்த வேலை உச்சி வெயிலில்தான் முடியும். ஆக, வெயிலில் ஆட்கள் மயங்கி விழுவதற்குக் காரணத்தைத் தேடிப்போன சிவகாமி கடைசியில் ஒரு சொசைட்டிக் கதவின் முன்னால் போய் நின்றிருக்கிறார்.

விழுந்தவரையும் அன்றே பார்த்தேன். ருக்குமணி. போன கோடையில் கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். சிறுநீரகம் வரை அடி. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவரிடம், இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது, உச்சி வெயிலில் நிற்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்டவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனால், வாசலிலேயே கேள்வி.

"ஏனுங்க டீச்சர், மெட்ராசுல வெயிலே இல்லீங்களா, இங்க வந்து பார்க்கறீங்க?"

இருக்கிறது, ஆனால் இவ்வளவு நன்றாக இல்லை என்றேன். சிரித்துவிட்டு ஒரு முறம் நிறைய மாங்காய்க் கீற்றும் உப்பும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்தார். சிவகாமி அந்த உப்பைப் பார்த்து முறைத்தார். ருக்குமணி முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் தொடலீங்க சிஸ்டர், டீச்சருக்குத்தான்" என்றார்.

"டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. ஆனா கடலைக்காய் பறிப்பு வந்துருச்சு. நான் போகலீன்னா அது தானா வந்து மூட்டையில உக்காருமா? இந்தத் தடவை விழுந்தா நேரா மேலதானுங்க," என்று வானத்தைக் காட்டினார். அப்போதும் சிரிப்பு மாறவில்லை. சிவகாமி சிரிக்கவில்லை.

சொசைட்டியை ஐந்து மணிக்குத் திறக்கச் சொல்லி சிவகாமி மாதக்கணக்கில் நச்சரித்து, கடைசியில் ஒரு வாரம் சோதனை பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். அது மறுநாள் தொடங்குகிறது. அனுமதி கொடுத்த சொசைட்டித் தலைவர் பழனிச்சாமி அவருடைய மாமனார். அன்று மதியம் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், கூட வறுத்த கத்தரிக்காய். உலகத்தில் எல்லாப் பிரச்சினைகளையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று தோன்றவைக்கும் சாப்பாடு. பேச்சு அப்படி இல்லை.

"மருமகளாச்சேன்னு ஒரு வாரம் உட்டுருக்கறனுங்க டீச்சர்," என்றார் பழனிச்சாமி, எனக்கு இன்னொரு கரண்டி போடச் சொல்லிவிட்டு. "பாலு ஒரு கேன் கொறைஞ்சாலும் பழைய நேரந்தான். சொசைட்டி என்ற ஊட்டுச் சொத்தில்லீங்களே."

"கொறையாதுங்க மாமா," என்றார் சிவகாமி.

"பார்ப்பம்மிணி."

மறுநாள் விடியுமுன் ருக்குமணியின் தொழுவத்தில் இருந்தோம். பெண்களெல்லாம் சொன்னபடி எழுந்துவிட்டார்கள். தெருவே விளக்கும் வாளியுமாக இருந்தது. ருக்குமணி மாட்டின் மடியைக் கழுவி, கன்றை முட்டவிட்டு, உட்கார்ந்து பீச்சினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கன்று, மறுபடி பீச்சு. மாடு அசைபோட்டுக்கொண்டே திரும்பி, யார் நீ, இந்நேரத்தில் என்ன வேலை என்பதுபோல் அவரைப் பார்த்தது.

"ஏ செவலை, எனக்காகவாவது உடு சாமி," என்று கெஞ்சினார் ருக்குமணி. செவலை விடவில்லை. பக்கத்துத் தொழுவத்தில் திட்டு விழும் சத்தம், எதிர்த் தொழுவத்தில் வாளி உருளும் சத்தம். ஊர் முழுக்க இதே கதை. ஆறு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் மாரியம்மன் பாட்டு எழும்பி, கிழக்கே வெளுத்து, சிவகாமி தலையில் கைவைத்து உட்கார்ந்த நேரத்தில்தான் செவலை சாவகாசமாகப் பாலை விட்டது.

ஐந்து மணிக்குத் திறந்த சொசைட்டிக்கு வந்தது கேனின் அடி நனையும் அளவுக்குத்தான். மற்றவர்கள் வழக்கம்போல் ஆறரைக்கு வந்து, மூடிய கதவைத் தட்டினார்கள். பழனிச்சாமி சாவியைச் சுழற்றியபடி வந்து கதவைத் திறந்துவிட்டார். தேர்தலில் ஜெயித்தவர் நடை.

"மனுசங்க எல்லாத்துகிட்டயும் சொன்னனுங்க டீச்சர்," என்றார் சிவகாமி. "மாட்டுகிட்டச் சொல்லலீங்களே." மாட்டுக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவருக்கே இது தோன்றாமல் போனதை நினைத்து அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று ருக்குமணி எட்டு மணிக்குத்தான் காட்டுக்குப் போனார். தலையில் ஈரத்துண்டு, இடுப்பில் தண்ணீர் பாட்டில். அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அந்த மனநிலையோடு இடுக்கி மலையில் தேவிகுளம் போய்ச் சேர்ந்தேன். மலைக்குப் போகிறோம் என்று சால்வை எடுத்துப்போயிருந்தேன். கடைத்தெருவில் முதலில் கண்ணில் பட்டது வரிசையாக அடுக்கி வைத்த மின்விசிறிகள். குளிருக்குப் பெயர்போன ஊரில் விசிறி வியாபாரம் களைகட்டியிருந்தது.

தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றிக் காட்டியவர் ஆஷா பணியாளர் செல்வராணி. அவருடைய சுகாதார ஜீப் ஏற்றத்தில் நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கி ஒன்றும் செய்யவில்லை, ஹாரனை மட்டும் அடித்தார். லயத்திலிருந்து ஆட்கள் சாவதானமாக வந்து தள்ளினார்கள், தள்ளிக்கொண்டே தங்கள் காய்ச்சல் இருமலையும் சொன்னார்கள். உச்சிக்குப் போவதற்குள் செல்வராணி பாதி வேலையை முடித்துவிட்டார். "இந்த வண்டி ஓடுச்சுன்னா எனக்கு ரெண்டு மடங்கு அலைச்சல் டீச்சர்," என்றார்.

அவருக்குப் பிரச்சினை கொசு. கோடையில் ஓடை வற்றுவதால் இப்போது வீட்டுக்கு வீடு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். குளிரும் குறைந்துவிட்டது. கீழ்நாட்டுக் கொசு மலையேறி வந்து டிரம்மில் குடித்தனம் வைத்துவிட்டது, கூடவே டெங்குவும் வந்துவிட்டது. "எங்க அம்மை காலத்துல இங்க கொசுவலைன்னா என்னன்னே தெரியாது," என்றபடி ஒரு டிரம்முக்குள் கண்ணாடி டம்ளரை விட்டு மொண்டார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. வீட்டுக்காரம்மாவிடம் நீட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "இதெல்லாம் ஒங்க வீட்ல பெறந்த பிள்ளைக. பேரு வச்சிட்டீகளா?"

அந்த அம்மாள் வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டார். டிரம் கவிழ்க்கப்பட்டது. அடுத்த வீட்டில், நாங்கள் போவதற்குள்ளேயே டிரம் கவிழ்ந்திருந்தது. என் பாடத்தில் கொசு ஒழிப்புக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

செல்வராணி வீட்டில் பால் விடாத கட்டன்சாயாவும் சுட்ட மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்கிற துவையலும். மிளகாய் சின்னதுதானே என்று ஏமாந்து, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தபோது சிவகாமி தொலைபேசியில் வந்தார். அன்றும் பால் குறைவு. மாமனார் ஒன்றும் பேசுவதில்லையாம், சாப்பிடும்போது மட்டும் புன்னகைக்கிறாராம். வாரம் முடிந்தால் பழைய நேரம், பழைய வெயில். "ருக்குமணியக்கா இன்னிக்கு மத்தியானம் கண்ணு இருட்டுதுன்னு வரப்புல உக்காந்துட்டாங்க டீச்சர்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார் செல்வராணி. முழுக் கதையையும் சொன்னேன். மாடு பால் விடாத இடம் வந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க அம்மையும் ஒரு மாடு வச்சிருந்தா டீச்சர். பேக்டரிச் சங்கு ஊதுனாத்தான் பால் விடும். ஒரு தடவை ஸ்ட்ரைக்கு. பேக்டரியில சங்கு ஊதல. மாடும் ஸ்ட்ரைக் பண்ணிட்டு!"

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. தொலைபேசியை எடுத்துச் சிவகாமியை அழைத்தேன்.

"உங்க ஊர்ல காலைல ஆறு மணிக்கு என்ன சத்தம் கேக்கும்?"

"ஆறு மணிக்குங்களா? ஒண்ணுமில்லீங்க, கோயில்ல பாட்டு..." அப்புறம் ஒரு கூச்சல், என் காது அடைத்துவிட்டது. "ஐயோ டீச்சர்! பாட்டு போட்டாத்தானுங்க எல்லாரும் கறக்க உக்காருவோம்! கன்னுக்குட்டியிலருந்து அதுக அதைக் கேட்டுத்தானுங்க வளருது!"

மற்றதெல்லாம் சிவகாமியின் சாமர்த்தியம். கோயில் கமிட்டியிலும் மாமனார் உண்டு. கதையைக் கேட்டதும் அவருக்கே ஆர்வம் வந்து, நாலரைக்கே ஒலிபெருக்கியைப் போட்டுவிடலாம் என்றாராம். சிவகாமி ஒப்பவில்லை. ஆறு மணிக்கு முன் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், கைக்குழந்தைக்காரிகளும் நோயாளிகளும் தூங்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். அதே பாட்டைத் தன் கைபேசியில் பதிந்து, தெருப் பெண்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். கூடவே ஒரு வரி: மாட்டுக்குக் கேட்டால் போதும், ஊருக்குக் கேட்க வேண்டாம்.

நான் கொல்லங்கோட்டுக்குத் திரும்பி வந்தது சோதனை வாரத்தின் கடைசிக் காலைக்கு. சிவகாமி என்னை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அந்த நடையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இருட்டுத் தெருவில், ஒவ்வொரு தொழுவத்திலும் மெல்லிய குரலில் மாரியம்மன் பாட்டு. ஒருவர் முன்னே போட்டிருப்பார், ஒருவர் பின்னே. முதல் வீட்டில் பல்லவி முடியும்போது மூன்றாம் வீட்டில் அப்போதுதான் நாதஸ்வரம் தொடங்குகிறது. தெருக்கோடி வரை அதே பாட்டு எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. ருக்குமணி தன் கைபேசியைச் சாணி படாமல் பாலித்தீன் பையில் போட்டு, செவலையின் காதுக்கு நேரே தூணில் கட்டியிருந்தார். செவலை கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றது. வாளியில் பால் சர்ர் சர்ரென்று விழுந்தது.

"சத்தம் போடாதீங்க," என்று எங்களிடம் கிசுகிசுத்தார் ருக்குமணி. "பக்தியில இருக்குது."

சொசைட்டியில் ஐந்து மணிக்கு வரிசை. பழனிச்சாமி ஒவ்வொரு கேனாகத் தட்டிப் பார்த்தார். கடைசிக் கேனையும் தட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மருமகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாடே ஒத்துக்கிச்சு. நான் ஆருங்க டீச்சர்? இனி அஞ்சு மணிதான்."

வரிசையில் யாரோ குலவையிட்டார்கள். சிவகாமி உள்ளே போய், சுவரில் தொங்கிய பழைய நேரப் பலகையைக் கழற்றி மாமனார் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். உள்ளே அவருக்குப் பெருமைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பருவநிலை மாற்றத்தைச் சிவகாமியால் நிறுத்த முடியாது. பாலக்காட்டு வெயில் அடுத்த வருடமும் வரும், கூடுதலாகவே வரும். ஆனால் அந்த வெயிலுக்கும் ருக்குமணிக்கும் நடுவில் எத்தனை கதவுகள் இருக்கின்றன, அதில் எதைத் திறக்கலாம் என்று தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆள் ஊருக்கு வேண்டும். நாங்க என்ன பண்ணணும் என்று பின்வரிசைப் பெண் மறுபடி கேட்டால் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

கிளம்பும் நேரம். என்னைப் பேருந்தில் ஏற்றிவிட அழைத்துப்போன சிவகாமி நேர்வழியில் போகாமல் ஸ்கூட்டரைக் காட்டுப் பாதையில் திருப்பினார். உச்சி வெயில். தார்ச்சாலை மினுமினுத்தது. கடலைக்காட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றினார்.

பாதி பறித்த காடு. பறித்த கொடிகள் குவியலாகக் கிடந்தன. ருக்குமணி சாய்ந்து விழுந்த வரப்பு அதுதான் என்று கை நீட்டிக் காட்டினார். ஒரு காகம்கூட இல்லை. ஊருக்குள் எங்கோ ஒரு வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தது.

"பாருங்க டீச்சர்," என்றார் சிவகாமி. "ஒருத்தருமே இல்லீங்க."

நான் அந்தக் காட்டைப் படம் எடுத்துக்கொண்டேன். இப்போது என் பாடத்தின் முதல் படம் அதுதான். பனிக்கரடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். படத்தில் யாருமே இல்லையே மேடம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். அவர்கள் எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறேன்.